பாலன் வரும் வரை: சின்னக் குழந்தைகளோடு வீட்டில் குடில் கட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது முன்பெல்லாம் ஒரே ராத்திரி வேலை. டிசம்பர் 23 அன்று குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு நானும் கணவரும் உட்கார்ந்தால் அதிகாலை 2 மணிக்கு எழுந்திருப்போம். காலையில் குழந்தைகள் வந்து பார்ப்பார்கள், கைதட்டுவார்கள், ஐந்து நிமிடத்தில் விளையாடப் போய்விடுவார்கள். அதன் பிறகு ஜனவரி வரை அந்தக் குடிலைப் பற்றி நான் அவர்களிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான்: "தொடாதே."

அதை மாற்றியது 2023 மழை. தூத்துக்குடிக்காரர்கள் யாரும் அந்த டிசம்பரை மறந்திருக்க மாட்டார்கள். 18-ஆம் தேதி காலை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் தெருவிலும் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் மாடி வீட்டு ஆச்சியிடம் போய் இருந்தோம். தண்ணீர் வடிந்து கீழே வந்து பார்த்தால், கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியில் இருந்த சுரூபங்கள், அதாவது குடில் சிலைகள், அத்தனையும் ஊறி, வண்ணம் உரிந்து, விரல் பட்டாலே உதிர்கிற நிலையில் கிடந்தன. பாலன், அதாவது குழந்தை இயேசு, மட்டும் தப்பினார். அவரைத் தனியாக பீரோவில் வைப்பது என் அம்மா காலத்துப் பழக்கம்.

அப்போது 5 வயதான என் மகள் அழுததைப் பார்த்து, ஆச்சி ஒரு களிமண் கட்டியை எடுத்து வந்தார். பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கியதில் மிஞ்சியது. "இதுல செய்யேன் கண்ணு" என்றார். மாதா, சூசையப்பர் (யோசேப்பு), மூன்று ஆடுகள், ஆடு மாதிரியே இருந்த ஒரு மாடு. அந்த வருஷம் எங்கள் குடிலில் இருந்தது அவ்வளவுதான். ஆனால் அவள் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் இடம் மாற்றி, தம்பியிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை கை வைத்த குடிலைத்தான் குழந்தை தன் குடில் என்று நினைக்கும் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

இப்போது பெரியவளுக்கு 7, சின்னவனுக்கு 4. அதன் பிறகு ஒரே இரவில் நாங்கள் எதையும் செய்வதில்லை. நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி 6 வரை கொஞ்சம் கொஞ்சமாக வளரும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

நவம்பர் கடைசி வாரம்: இடம் பிடிப்பதும் பெட்டியை இறக்குவதும்

முதலில் இடம். பெரியவர்கள் பார்வைக்கு உயரமான மேஜைமேல் வைப்பதுதான் வழக்கம். நான் அதை மாற்றிவிட்டேன். சின்னவன் நின்றால் அவன் இடுப்பு உயரம், அதாவது தரையிலிருந்து ஒன்றரை அடி. ஒரு பழைய பெஞ்சு போதும். அந்த உயரத்தில் அவனால் குடிலுக்குள் எட்டிப் பார்க்க முடியும், ஏறி விழவும் தேவையில்லை. திரைச்சீலைக்குப் பக்கத்தில் வேண்டாம். நடை பாதையில் வேண்டாம். பிளக் பாயின்ட் பெஞ்சுக்குப் பின்னால் மறைவாக இருக்கிற மூலையாகப் பாருங்கள், வயர் குழந்தையின் கைக்கு வரக்கூடாது.

பெட்டியை இறக்கிய அன்றே சீரியல் லைட் ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். வயர் தோல் உரிந்திருந்தாலோ பிளக் தளர்ந்திருந்தாலோ ஒட்டுப் போடாமல் தூக்கி எறியுங்கள். பட்டன் பேட்டரி போட்ட குட்டி மெழுகுவர்த்தி விளக்குகள் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன. பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இல்லாவிட்டால் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். பட்டன் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும். அப்படி ஒரு சந்தேகம் வந்தாலே வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நான்கு ஞாயிறு, நான்கு மெழுகுவர்த்தி

கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும். அன்றைக்கு ஒரு தாம்பாளத்தில் சவுக்குக் கொத்துகளையோ மாவிலைகளையோ வட்டமாக அடுக்கி, நான்கு மெழுகுவர்த்தி நிறுத்துங்கள். கத்தோலிக்க வழக்கப்படி மூன்று ஊதா, ஒன்று ரோஸ். ரோஸ் நிறத்தை மூன்றாவது ஞாயிறு ஏற்றுவோம், அது மகிழ்ச்சியின் ஞாயிறு.

இந்த வழக்கமே குழந்தைகளால் வந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்திய யோகான் விச்செர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்காக 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். வார நாட்களுக்குச் சின்னது, ஞாயிறுகளுக்குப் பெரியது. இன்று நாம் வைக்கிற நான்கும் அந்தப் பெரிய மெழுகுவர்த்திகள்தான். "இன்னும் எத்தனை நாள்?" என்று உங்கள் பிள்ளையும் கேட்கும். பதில் சொல்வதற்குப் பதிலாகத் தாம்பாளத்தைக் காட்டினால் போதும்.

ஏற்றுவது பெரியவர் வேலை. ஊதி அணைப்பது சின்னவன் வேலை. இரவு ஜெபம் முடியும் வரை மட்டும் எரியட்டும். இலை காய்ந்தால் நெருப்பு பிடிக்கும், ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் இலையை மாற்றிவிடுங்கள்.

நட்சத்திரம்

கடையில் மடக்கு நட்சத்திரம் நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது, வாங்குவதில் தப்பில்லை. ஆனால் ஒரு வருஷமாவது மூங்கில் நட்சத்திரம் செய்து பாருங்கள். 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிறு மதியம் போதும்.

மூங்கில் சிம்பு 60 சென்டிமீட்டர் நீளத்தில் 10 வேண்டும், 12 சென்டிமீட்டரில் 5 வேண்டும். எல்லாவற்றையும் முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். மூங்கில் சிலாம்பு விரலில் ஏறினால் அன்றைய சந்தோஷமே போய்விடும். காகிதத்தில் பேனாவை எடுக்காமல் நட்சத்திரம் வரைவோமே, அதே மாதிரி 5 நீளச் சிம்புகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டு முனைகளை நூலால் கட்டுங்கள். இன்னொரு 5-இல் இன்னொரு நட்சத்திரம். இரண்டையும் சேர்த்து வைத்து ஐந்து முனைகளிலும் கட்டிய பிறகு, உள்ளே சிம்புகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் குட்டைச் சிம்பை நிறுத்தினால், நடுவில் உப்பிக்கொண்டு நட்சத்திரம் எழுந்து நிற்கும். அந்தக் கணத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். தட்டையாகக் கிடந்தது திடீரென்று உயிர் வந்ததுபோல ஆகும்.

ஒட்டுவதற்கு மைதா பசை. இரண்டு ஸ்பூன் மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறினால் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கலாம். பழைய ஆட்கள் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். குழந்தைகள் விரல் வைக்கிற பசையில் அது கூடாது, விஷம். பசை ஒரு வாரத்தில் புளித்துப்போனால் வேறு காய்ச்சிக்கொள்ளலாம்.

மேலே ஒட்டக் காற்றாடித் தாள் வாங்குங்கள். முன்பக்கம் ஒரு நிறம், பக்கவாட்டில் ஒரு நிறம். கீழ் முனையில் ஒரு பக்கத்தை ஒட்டாமல் விட்டு, அந்த வழியாக பல்பைத் தொங்கவிடுங்கள். என் அப்பா காலத்தில் 40 வாட் குண்டு பல்பைப் போட்டுத் தாள் கருகிய கதைகள் உண்டு. இப்போது 5 வாட்டுக்குள் ஒரு எல்.இ.டி. போதும், சூடு பிரச்சினை இல்லை. நம் பக்கம் டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்காது, ஆகையால் சன்ஷேடுக்கு உள்ளே தொங்கவிடுங்கள். ஹோல்டரும் வயர் இணைப்பும் நனையக்கூடாது.

தாளின் வால் குஞ்சங்களைச் சின்னவனிடம் கொடுத்துவிடுங்கள். கோணலாகத்தான் ஒட்டுவான். ராத்திரி அவன் தூங்கிய பிறகு அதைச் சரிசெய்யாதீர்கள். நான் ஒருமுறை சரிசெய்தேன், காலையில் அவன் முதலில் பார்த்தது அதைத்தான்.

டிசம்பர் 12 முதல் 16: விதை போடுவது

எனக்கு இந்த முழு வேலையிலும் மிகப் பிடித்தது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குடிலைச் சுற்றி பச்சைப் புல்வெளிக்காக நம் வீடுகளில் தானியம் முளைக்கப் போடுவார்கள். அம்மன் கோயில் முளைப்பாரியைப் பார்த்து வளர்ந்த ஊர்களில் இது யாரும் கற்றுக்கொடுக்காமலே வருகிற வேலை. ஒரு வித்தியாசம் உண்டு. முளைப்பாரியை இருட்டில் வைத்து வெளிர் நிறமாக வளர்ப்பார்கள். குடிலுக்குப் பச்சை வேண்டும், ஆகவே வெளிச்சம் வேண்டும்.

என்ன விதைக்கலாம்? கடுகு இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும், தாழ்வாக வட்ட இலையோடு படரும். கேழ்வரகு மெல்லிய புல்லாக வரும், கொஞ்சம் மெதுவாக. கோதுமை நன்றாக உயரும். முதல் வருஷம் நாங்கள் எல்லா இடத்திலும் கோதுமை போட்டோம். 24-ஆம் தேதி ஆடுகள் எல்லாம் காட்டுக்குள் தொலைந்து போயிருந்தன, மாதாவின் தலை மட்டும் தெரிந்தது. அதிலிருந்து பின்வரிசையில் கோதுமை, நடுவில் கேழ்வரகு, முன்னால் கடுகு. கோதுமையை 14-ஆம் தேதிக்கு முன் போடுவதில்லை. கேழ்வரகு 12 அன்றே போட்டுவிடுவோம். கடுகு 16 அன்று போட்டாலும் போதும்.

முறை சுலபம். தானியத்தை முதல் நாள் இரவு ஊறப் போடுங்கள். கடுகை ஊறவைக்க வேண்டாம், பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழைய பிளாஸ்டிக் தட்டுகளிலோ இனிப்புப் பெட்டிகளிலோ அடியில் சின்ன ஓட்டைகள் போட்டு, தேங்காய் நார்க் கழிவும் மண்ணும் பாதிப்பாதி கலந்து இரண்டு அங்குலம் நிரப்புங்கள். விதையை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண், அதன்மேல் ஈரத்துணி. இரண்டு நாள் கழித்துத் துணியை எடுத்துவிட்டு ஜன்னல் ஓரம் வைக்க வேண்டும். தினமும் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் எல்லாம் வெளிச்சத்தின் பக்கமே சாயும்.

தண்ணீர்தான் பிள்ளைகளின் பொறுப்பு. டம்ளரைக் கொடுத்தால் ஊற்றி அழுகவைத்துவிடுவார்கள். ஸ்ப்ரே பாட்டில் கொடுங்கள். காலையில் ஐந்து தடவை, சாயங்காலம் ஐந்து தடவை என்று எண்ணி அடிக்கச் சொல்லுங்கள். சின்னவன் எண்ணக் கற்றுக்கொண்டது அந்தத் தட்டில்தான். இரவில் துணியைத் தூக்கி எத்தனை தடவை பார்ப்பான் என்று சொல்லி மாளாது. முளை வந்த நாளில் தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

ஒரு உதவி, ஒரு வைக்கோல்

விதை போடும் அதே வாரத்தில் காலித் தீவனத்தொட்டியை மட்டும் எடுத்து வெளியே வையுங்கள். தீப்பெட்டி அட்டையிலோ ஐஸ் குச்சியிலோ செய்த சின்னத் தொட்டி போதும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைக்கோல் துண்டுகள். வீட்டில் யாராவது யாருக்காவது ஒரு உதவி செய்தால் ஒரு வைக்கோலைத் தொட்டியில் போடலாம். பாலன் வரும்போது படுக்கை மெத்தென்று இருக்க வேண்டும் என்பது கணக்கு.

இதில் ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் காப்பாற்றுகிறேன். சேட்டை செய்ததற்காக வைக்கோலை எடுக்கக்கூடாது. எடுக்கத் தொடங்கினால் அது பள்ளிக்கூட மார்க் ஆகிவிடும். பெரியவர்களும் போட வேண்டும், அதுவும் பிள்ளைகள் பார்க்கப் போட வேண்டும். என் மாமியாருக்கு என் கணவர் மாத்திரை எடுத்துக் கொடுத்ததற்கு மகள்தான் ஓடிப்போய் அவர் சார்பில் ஒன்று போட்டாள்.

டிசம்பர் 18 முதல் 21: கொட்டகையும் மலையும் ஊரும்

கொட்டகைக்கு ஒரு கணக்கு: உங்களிடம் இருக்கிற நிற்கும் சுரூபத்தில் மிகப் பெரியது எத்தனை உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு கொட்டகையின் உயரம். 15 சென்டிமீட்டர் சுரூபத்துக்கு 30 சென்டிமீட்டர் கொட்டகை, 45 அகலம். இதைவிடச் சின்னதாக இருந்தால் சம்மனசை (வானதூதரை) கூரையில் மாட்டும்போது சூசையப்பர் தலையில் இடிக்கும்.

செருப்புப் பெட்டி மாதிரி கெட்டியான அட்டைப் பெட்டியின் முன்பக்கத்தை வெட்டிவிட்டு, மேலே அட்டையை மடித்துக் கூரையாக ஒட்டினால் அடித்தளம் தயார். மேலே பனையோலைத் துண்டுகளையோ தென்னங்கீற்றையோ வைக்கோலையோ கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு போக வேண்டும், உண்மையான கூரை வேய்கிற மாதிரி. ஓலையைக் கத்தரிப்பது 7 வயதுக்காரி, பசை தடவுவது 4 வயதுக்காரன்.

மலைக்குப் பாறை மாதிரி அச்சடித்த தாள் கடையில் கிடைக்கும். எனக்குச் சிமென்ட் மூட்டையின் காகிதம்தான் பிடிக்கும். தூசி போக நன்றாகத் துடைத்து, கசக்கிப் பிரித்து, பசை தடவிக் காயவிட்டு, கறுப்பு, காக்கி, பச்சை என்று ஸ்பாஞ்சால் ஒற்றினால் பாறையேதான். துடைப்பது வரை நீங்களே செய்யுங்கள், சிமென்ட் தூசி குழந்தைகள் மூக்கில் ஏறக்கூடாது. உள்ளே செய்தித்தாள் உருண்டைகளை வைத்து மேடு பள்ளம் ஆக்கலாம்.

பஞ்சை உதிர்த்துப் பனி போடுகிற வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். பஞ்சு சீரியல் லைட்டுக்குப் பக்கத்தில் ஆபத்து, சின்னக் குழந்தை வாயிலும் போட்டுக்கொள்ளும். அதோடு, நம் பிள்ளைகள் பனியைப் பார்த்ததில்லை. அவர்கள் பார்த்த ஊரைக் குடிலைச் சுற்றிக் கட்டினால் அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

எங்கள் குடிலில் உப்பளம் உண்டு. மகளின் யோசனை. அவள் தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தவர். ஒரு தட்டில் நீலத் தாள் ஒட்டி, ஐஸ் குச்சியால் பாத்தி பிரித்து, ஓரத்தில் கல் உப்பைக் குவியல் குவியலாக வைத்தாள். பார்க்க அப்படியே முத்தையாபுரம் சாலை மாதிரி இருந்தது. ஆனால் டிசம்பர் ஈரக்காற்றில் உப்பு கசிந்து, பக்கத்துத் தட்டில் இருந்த கடுகுச் செடிகள் இரண்டே நாளில் கருகிவிட்டன. ஆகையால் உப்பளம் வேண்டுமென்றால் விளிம்பு உயர்ந்த தட்டில் தனியாக, செடியிலிருந்து தள்ளி வையுங்கள். நீங்கள் நெல் விளையும் ஊர் என்றால் வயல், கோயம்புத்தூர் பக்கம் என்றால் தென்னந்தோப்பு, சென்னை என்றால் மின்சார ரயிலே ஓடட்டும். சின்னவன் ஒரு டைனோசரை இடையர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறான். அதுவும் பாலனைப் பார்க்க வந்திருக்கிறதாம். இருக்கட்டும்.

ஆடுகளைக் களிமண்ணில் அவர்களே பிடிக்கட்டும். உருண்டை ஒன்று, அதைவிடச் சின்ன உருண்டை ஒன்று, கால்களுக்கு நான்கு தீக்குச்சி. மருந்துத் தலையை உடைத்து எறிந்துவிட்டுக் கொடுங்கள். நிழலில் இரண்டு நாள் காய்ந்த பிறகு வண்ணம் பூசலாம். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

வேலை நடக்கும்போதே கதையைச் சொல்லுங்கள். இடையர்கள் வருவது லூக்கா நற்செய்தியில், ஞானிகள் வருவது மத்தேயுவில். ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, பரிசுகள்தான் மூன்று. மாடும் கழுதையும் இந்த இரண்டிலுமே இல்லை. "மாடு தன் உடைமையாளரை அறிகின்றது" என்ற பொருளில் எசாயா முதல் அதிகாரத்தில் வருகிற வரியிலிருந்துதான் அவை குடிலுக்குள் வந்தன. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலை ஊரில் அசிசி பிரான்சிஸ் வைக்கோல் நிரப்பிய தீவனத்தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி ஊர் மக்களைக் கூட்டினார். நாம் கட்டுகிற குடில்கள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள். இதைச் சொன்னதும் என் மகள் கேட்ட முதல் கேள்வி, "மாடு அங்க சாணி போட்டுச்சா?" போட்டிருக்கும் என்றேன்.

ஞானிகளை, அதாவது நாம் சொல்கிற மூன்று ராசாக்களை, இப்போதே குடிலில் வைக்காதீர்கள். வீட்டின் கடைசி அறையில், ஜன்னல் திண்டில் அவர்கள் பயணம் தொடங்கட்டும். தினமும் காலையில் பிள்ளைகள் கொஞ்சம் நகர்த்துவார்கள். ஃபிரிட்ஜ் மேல் ஒரு நாள், டிவி பக்கத்தில் ஒரு நாள். ஜனவரி 6 அன்று, அவர்கள் திருநாளன்று, குடிலை வந்து சேர வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீடு சட்டென்று வெறிச்சோடிப் போகாமலிருக்க இந்த ஒன்றே போதும்.

மரம்: கீழ்ப்பாதி அவர்களுடையது

கடலோர ஊர்களில் சவுக்குக் கிளைதான் கிறிஸ்துமஸ் மரம். மணல் நிரப்பிய வாளியில் நட்டு, மணலில் தண்ணீர் விட்டுவையுங்கள். 21-க்கு முன் வெட்டி வராதீர்கள், காய்ந்து கொட்டும், காய்ந்த சவுக்கு எளிதில் பற்றும். தூங்கும் முன் மரத்து விளக்கை அணைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் மரமானாலும் சரிதான்.

குழந்தையின் கை எட்டும் உயரம் வரை உடையாத பொருட்கள் மட்டும், அதுவும் அவர்கள் விருப்பப்படி. கண்ணாடி உருண்டைகள் அதற்கு மேல். கீழ்ப்பகுதிக்கு வண்ணத்தாள் சங்கிலியும் பனையோலைப் பொருட்களும் நன்றாக இருக்கும். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் தாண்டிப் போனால் வருகிற மணப்பாடு ஓலைக் கைவினைக்குப் பேர் போன ஊர். ஓலையில் பின்னிய கிளி, பந்து, சின்னப் பெட்டிகள் எல்லாம் மரத்தில் தொங்கவிட அத்தனை அழகு. பின்னத் தெரிந்த ஆச்சி வீட்டில் இருந்தால் ஒரு சாயங்காலம் உட்காரவைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

பலகாரம்: அடுப்புப் பக்கம் வராமல் செய்யக்கூடியது

அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் பெரியவர்கள் வேலை, கொதிக்கிற எண்ணெயில் ஒவ்வொன்றாக முக்கி எடுப்பது. குழந்தைகளுக்கு ஏற்றது கல்கல், சில வீடுகளில் கலகலா என்பார்கள். மைதா அரை கிலோ, பொடித்த சர்க்கரை 150 கிராம், உருக்கிய வெண்ணெய் 50 கிராம், ஒரு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. கெட்டித் தேங்காய்ப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். முக்கால் டம்ளருக்கு மேல் ஆகாது. ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டு, கொண்டைக்கடலை அளவுக்கு உருட்டி, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ வைத்து அழுத்திச் சுருட்டினால் சிப்பி மாதிரி வரும். இந்த இடம் முழுக்கப் பிள்ளைகளுடையது. பெரிதும் சிறிதுமாகத்தான் வரும், ஆகவே பொரிக்கும்போது அளவு பார்த்துப் பிரித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் சின்னது கருகிப் பெரியது வேகாமல் நிற்கும். தீ மிதமாகவே இருக்கட்டும்.

24 அன்று தட்டுகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புங்கள். எங்கள் வீட்டில் முதல் தட்டு மாடி ஆச்சிக்குத்தான் போகும். அடுத்தது, ரம்ஜானுக்கு நமக்குப் பிரியாணி அனுப்புகிற எதிர்வீட்டுக்கு. தட்டுக்குப் போடும் துணியில் பிள்ளைகள் தாளில் நட்சத்திரம் வெட்டிச் செருகுவார்கள்.

கேரல் வரும் இரவு

டிசம்பர் நடுவில் கோயிலிலிருந்து கேரல், அதாவது வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட, வருவார்கள், பெரும்பாலும் பிள்ளைகள் தூங்கிய பிறகு. மேளச் சத்தமும் முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவும் 4 வயதுக்குள் இருக்கிற பிள்ளையை அலறவைத்துவிடும். முன்கூட்டியே முகமூடியை வீட்டில் வாங்கி, அப்பா போட்டுக் கழற்றிக் காட்டட்டும். பயந்தால் வற்புறுத்தித் தாத்தா கையில் கொடுக்காதீர்கள், போட்டோ இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. மிட்டாய்த் தட்டை நீட்டுகிற வேலையைக் கொடுத்தால் பயம் பாதி குறையும்.

24 இரவு

மதியம் கட்டாயம் தூங்கவையுங்கள். சாயங்காலம் முளைத்த தட்டுகளைக் குடிலைச் சுற்றி அடுக்கி, தட்டு விளிம்புகளை மணலால் மறையுங்கள். இடையர்கள், ஆடுகள், மாதா, சூசையப்பர் எல்லாரும் இருப்பார்கள். தொட்டியில் வைக்கோல் மட்டும்.

நடுச்சாமப் பூசைக்கு ஒரு போர்வையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கிவிட்டால் தூங்கட்டும், எழுப்ப வேண்டாம். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து பாலனை எடுத்து, வீட்டில் இளையவர் கையில் கொடுப்போம். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, குடில் விளக்கு மட்டும் எரியும். சின்னவன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடப்பான். யாரும் பேச மாட்டோம். தொட்டியில் படுக்கவைத்ததும் குடும்பமாக ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம். சென்ற வருஷம் அவன் பாலனைப் படுக்கவைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஒரு வைக்கோலை எடுத்து மேலே போர்த்தினான். குளிருமாம்.

ஜனவரி 6-க்குப் பிறகு

ராசாக்கள் வந்து சேர்ந்த மறுநாள் அல்லது அந்த வார இறுதியில் பிரித்துவிடலாம். பிரிப்பதையும் பிள்ளைகளோடுதான் செய்ய வேண்டும், அவர்கள் பள்ளிக்குப் போன நேரத்தில் மாயமாக மறையக்கூடாது. முளைத்த செடிகளைக் குப்பையில் போடாமல் ஆட்டுக்கோ மாட்டுக்கோ கொடுங்கள், எங்கள் தெருமுனை ஆடுகளுக்கு அன்று விருந்து. மண்ணைத் தொட்டிச் செடிக்குப் போட்டுவிடலாம். நட்சத்திரத்தின் தாளைக் கிழித்துவிட்டு மூங்கில் கூட்டை மட்டும் சுவரில் ஆணியில் மாட்டிவையுங்கள், மூன்று நான்கு வருஷம் வரும்.

சுரூபங்களை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கிறோம். கட்டிலுக்கு அடியில் இல்லை, பரணில். மூடியின்மேல் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மகள் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டுவாள். இந்த வருஷம் எழுதியது: மாதா 1, சூசையப்பர் 1, சம்மனசு 2, ராசா 3, ஆடு 9, மாடு 1 (கொம்பு இல்லை), டைனோசர் 1. கடைசியில், கட்டம் போட்டு: பாலன் பீரோவில்.